ரேஷன் கடையில் தராசும் பில் மெஷினும் இணைப்பு: ஊழியர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? நம்பிக்கை எங்கே உடைகிறது?

ரேஷன் கடையில் இதுவரை எடை போடுவது ஒரு வேலை, பில் போடுவது இன்னொரு வேலை. இப்போது மின்னணுத் தராசையும் பில் போடும் பி.ஓ.எஸ். மெஷினையும் ப்ளூடூத் மூலம் இணைக்கிறார்கள். தராசில் சரியான எடை நின்றால்தான் பில் வரும்.

கேட்க நல்ல விஷயமாகத்தானே இருக்கிறது? எடை குறைகிறது என்ற பேச்சுக்கே இனி இடம் இல்லையே? அப்படி இருக்க, ரேஷன் கடை ஊழியர் சங்கங்கள் ஏன் இதை எதிர்த்துப் போராட்டம் நடத்தின?

"இனிமே ஏமாத்த முடியாதுல்ல, அதான் கத்துறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் வங்கி முதல் நூறு நாள் வேலை வரை, ஒரு புதிய டிஜிட்டல் முறை வரும்போதெல்லாம் இதே சண்டை நடந்திருக்கிறது. சில இடங்களில் மெஷின் ஜெயித்தது, சில இடங்களில் தோற்றது. எதனால் என்று பார்க்கலாம்.

கடைக்குள் என்ன மாறியது?

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் இடத்தில் இருக்கிறது சீவலப்பேரி. பாளையங்கோட்டை வட்டத்தில் உள்ள ஊர். இது போன்ற ஒரு ஆற்றங்கரை கிராமத்தில் ரேஷன் கடை எப்படி இயங்கும் என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

கடையில் விற்பனையாளர் ஒருவர் இருப்பார். மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுக்க கட்டுநர் என்று ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் பல கடைகளில் கட்டுநர் கிடையாது, விற்பனையாளரே எல்லா வேலையையும் பார்க்கிறார். ஒரே விற்பனையாளர் இரண்டு, மூன்று பகுதிநேரக் கடைகளைச் சேர்த்துக் கவனிப்பதும் சகஜம்.

2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. பழைய புத்தக அட்டை போய், மெஷினில் கார்டை ஸ்கேன் செய்து பில் போடும் முறை வந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு கைரேகைப் பதிவு வந்தது. விரல் ரேகை விழாதவர்களுக்காகக் கருவிழிப் பதிவுக் கருவியும் பின்னால் வந்து சேர்ந்தது. அடுத்த கட்டம்தான் இந்தத் தராசு இணைப்பு.

முன்பு கட்டுநர் ஒரு பக்கம் அரிசி போட்டுக்கொண்டிருக்க, விற்பனையாளர் இன்னொரு பக்கம் பில் அடித்துவிடுவார். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். இணைப்புக்குப் பிறகு அரிசி, சர்க்கரை, பருப்பு என்று ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தி, எடை மெஷினுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்ததைத் தொட முடியும்.

இதில் கூடுதலாக ஆகும் நேரம் எவ்வளவு? தமிழ்நாட்டில் 2.2 கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள், 34,000க்கும் அதிகமான கடைகள் இருக்கின்றன. சராசரியாக ஒரு கடைக்கு 600 அட்டைகளுக்கு மேல் வரும். ஒரு அட்டைக்கு 2 நிமிடம் கூடினால்கூட மாதத்துக்கு 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம் கூடுகிறது. அந்த 20 மணி நேரமும் வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் கூடுகிறது.

அரசு ஏன் இதைக் கொண்டுவந்தது?

அரசின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எடை குறைவு, வாங்காத பொருளுக்கு வாங்கியதாக எஸ்.எம்.எஸ். வருவது, அரிசி கடத்தல் ஆகிய மூன்றும் ரேஷன் பற்றி மக்கள் வருஷக்கணக்காகச் சொல்லும் புகார்கள்.

மத்திய அரசு 2021 ஜூனில் உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பி.ஓ.எஸ். மெஷின் மூலம் விற்கும் தானியத்துக்கு அப்போது குவிண்டாலுக்கு 17 ரூபாய் கூடுதல் தொகை மாநிலங்களுக்குக் கிடைத்தது. அதில் மிச்சமாகும் பணத்தை மின்னணுத் தராசு வாங்கவும், அதை மெஷினோடு இணைக்கவும் பயன்படுத்தலாம் என்றது அந்தத் திருத்தம். 20 கிலோ அரிசி என்றால் 20 கிலோவே கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஊழியர்களின் கேள்வி என்ன?

ஊழியர் சங்கங்கள் தராசே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களுடைய பழைய கோரிக்கை வேறு: "கிடங்கிலிருந்து எங்களுக்கு வரும் மூட்டையையும் சரியான எடையில் கொடுங்க. இல்லாட்டி, பொட்டலமாகப் போட்டுக் கொடுங்க."

ரேஷன் பொருள் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து லாரியில் ஏறி, கடைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து உங்கள் பைக்கு வருகிறது. மூட்டை எடை குறைந்து வருகிறது, சாக்கின் எடையும் சேர்ந்துவிடுகிறது, ஏற்றி இறக்கும்போது சிந்துகிறது என்பது ஊழியர்களின் நீண்டகாலப் புகார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 அட்டைக்குத் தலா 20 கிலோ என்றால் 12,000 கிலோ அரிசி, அதாவது 50 கிலோ மூட்டை 240. மூட்டைக்கு ஒரு கிலோ குறைவதாக வைத்துக்கொண்டால் மாதம் 240 கிலோ இல்லை. 12 குடும்பங்களின் ஒரு மாத அரிசி அது.

கடைத் தராசை மட்டும் இணைத்துவிட்டால், கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வந்துவிடும். உள்ளே வரும்போது குறைந்த 240 கிலோ எங்கே பதிவாகும்? எங்கேயும் இல்லை. மாதக் கடைசியில் இருப்பைச் சோதிக்க அதிகாரி வரும்போது, அது விற்பனையாளரின் 'இருப்புக் குறைவு' ஆகிவிடும். அபராதமும் அவர் தலையில்தான்.

இந்த அபராதத்தைக் கட்டுபவரின் சம்பளம் என்ன? புதிதாக வேலைக்குச் சேரும் விற்பனையாளருக்கு முதல் ஒரு வருடம் மாதம் 6,250 ரூபாய் தொகுப்பூதியம், கட்டுநருக்கு 5,500 ரூபாய் என்றுதான் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் இருந்தது. அதற்குப் பிறகுதான் காலமுறை ஊதியம்.

ஆக, சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் மெஷினால் கட்டினால், சங்கிலி முழுக்க நடக்கும் தவறு கடைசி ஆளிடம் வந்து நிற்கும். ஊழியர்களின் பயம் இதுதான். இதற்காக எடைக் குறைவு செய்த கடைக்காரர் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. குறைந்த மூட்டையை ஈடுகட்ட வாடிக்கையாளரிடம் கை வைக்கும் பழக்கமும் இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை நிறுத்தவும் கிடங்கிலிருந்தே தொடங்கினால்தான் முடியும்.

அரிசியும் பணமும் கொடுத்த கைகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு, அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணத்தை அரசு யார் மூலம் கொடுத்தது? ரேஷன் கடை மூலம், ரொக்கமாக. பொங்கலுக்குப் பரிசுத்தொகை அறிவிக்கும்போதும் வீடு வீடாக டோக்கன் கொடுத்து, பணத்தை எண்ணிக் கொடுப்பது இதே ஊழியர்கள்தான்.

2025 ஆகஸ்ட் 12-ம் தேதி தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தையும் பாருங்கள். 70 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள் போகும் என்று அறிவிக்கப்பட்டது. மெஷினையும் தராசையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் அவர்கள்தான். எந்தத் தெருவில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பது எந்த சர்வருக்கும் தெரியாது.

லட்சக்கணக்கில் ரொக்கத்தை நம்பி ஒப்படைக்க முடிகிறது. ஆனால் ஒரு தராசை இணைப்பதற்கு முன்னால், "இதில் உங்களுக்கு என்ன சிக்கல் வரும்?" என்று அவர்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பிரச்சனையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதிய மெஷினைப் பார்த்து ஊழியர் கேட்கும் 3 கேள்விகள்

ஒரு புதிய கணினி முறையை ஊழியர்கள் ஏற்பதும் மறுப்பதும் எதனால் என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அதில் அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட மாதிரி. அதன் சாரம் இரண்டே கேள்விகள். இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துவது சுலபமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்ற பதில் கிடைத்தால் ஆட்கள் பயன்படுத்துவார்கள்.

பின்னால் வந்தவர்கள் நம்பிக்கையையும் இதில் சேர்த்தார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மூன்றாவது கேள்வி இதுதான்: "இது என்னை மாட்டிவிடுமா?"

முதல் இரண்டு கேள்விக்குப் பயிற்சி வகுப்பு போதும். மூன்றாவது கேள்விக்குப் போதாது. மெஷின் தப்பு செய்தால் யார் பொறுப்பு, ஊழியர் சொல்வதைக் கேட்க ஆள் இருக்கிறதா, மேலே இருப்பவர்களுக்கும் இதே அளவுகோல் உண்டா என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

நார்வே நாட்டில் 1970-களின் தொடக்கத்திலேயே இதைப் புரிந்துகொண்டார்கள். கணினி அறிஞர் கிறிஸ்டன் நிகார்ட், இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, ஆலைக்கு வரும் கணினி முறைகளைத் தொழிலாளர்களே படித்து, கேள்வி கேட்கும்படி பழக்கினார். அதன் தொடர்ச்சியாக 1975-ல் தேசிய அளவில் தொழிற்சங்கத்துக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய கணினி முறை வரும் முன் தொழிலாளர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் தரப்பில் இதற்கென ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது.

மெஷினை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? பிரிட்டன் அஞ்சலக விவகாரம்

"மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று நம்மில் பலர் சொல்வோம். பிரிட்டனில் அப்படிச் சொன்னதன் விலை மிகப் பெரியது.

1999-ல் அங்கே அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. தயாரித்தது ஃபுஜிட்சு நிறுவனம். கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் ஒப்பந்த முறையில் அஞ்சலகம் நடத்தியவர்களுக்கு, திடீரென்று கணக்கில் பணம் குறைவதாக மெஷின் காட்டத் தொடங்கியது. கணக்குக் குறைந்தால் நடத்துபவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்பது நிர்வாகம் வைத்திருந்த நிபந்தனை.

பலர் சொந்தச் சேமிப்பைப் போட்டுச் சரிக்கட்டினார்கள். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்கு, "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சனை இல்லை" என்ற பதில் கிடைத்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் அதிகமானவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள்.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலக நடத்துநர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் தனிச் சட்டமே கொண்டுவந்து தண்டனைகளை ரத்து செய்தார்கள். இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

ஹொரைசனும் நம்ம ஊர் தராசும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஒரு விதி பொதுவாக இருக்கிறது: கணக்குக் குறைந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் கட்ட வேண்டும். அந்த விதி இருக்கும்போது, மெஷினில் பிழை இருக்கலாம் என்று சொல்பவரின் பேச்சு எடுபடாது. "தப்பிக்கப் பார்க்கிறார்" என்றுதான் தோன்றும்.

கண்காணித்தால் மட்டும் போதுமா? நூறு நாள் வேலை சொன்ன பாடம்

சரி, ஊழியர்களைக் கேட்காமலேயே கறாராகக் கண்காணித்தால் முறைகேடு நின்றுவிடுமா? நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப்பதிவு செயலி இதற்கு நல்ல உதாரணம்.

2021 மே மாதம் இந்தச் செயலி அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் போட்டோ எடுத்து, இடக் குறியீட்டோடு பதிவேற்ற வேண்டியிருந்தது. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் சிக்னல் தேடி அலைவது பணித்தளப் பொறுப்பாளரின் வேலையானது. போட்டோ ஏறாவிட்டால் வேலை செய்தவருக்குச் சம்பளம் சிக்கல்.

இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு என்ன நடந்தது? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத போட்டோக்கள், ஏற்கெனவே எடுத்த போட்டோவை மறுபடி போட்டோ எடுத்து ஏற்றுவது என்று பல வகை முறைகேடுகள் நடப்பதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. தீர்வு? ஊராட்சி அளவில் எல்லாப் போட்டோவையும் மனிதர்களே பார்த்துச் சரிபார்க்க வேண்டும்!

நேர்மையாக வேலை செய்தவர் சிக்னலால் சம்பளத்தை இழக்கும் நிலை ஒரு பக்கம், ஏமாற்ற நினைத்தவர் போட்டோவைப் போட்டோ எடுத்துத் தப்பிக்கும் நிலை இன்னொரு பக்கம். களத்தில் இருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால், சிக்னல் இல்லாத இடத்துக்கு என்ன வழி என்பதும், எந்த ஓட்டையில் ஏமாற்றுவார்கள் என்பதும் அப்போதே தெரிந்திருக்கும்.

பேசி முடித்தால் என்ன ஆகும்? வங்கிகளில் நடந்தது

இந்தியாவில் கணினிக்கு எதிரான முதல் பெரிய போராட்டம் ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்.ஐ.சி.யில் 1960-களில் நடந்தது. அன்றைய கல்கத்தாவில் கணினியை உள்ளே கொண்டுவர விடாமல் ஊழியர்கள் அலுவலகத்தையே காவல் காத்தார்கள். ஆட்குறைப்பு வந்துவிடும் என்பது அவர்களின் பயம்.

1980-களில் வங்கிகள் கணினியை நோக்கி நகர்ந்தபோதும் அதே பயம் இருந்தது. ஆனால் அங்கே பாதை கொஞ்சம் மாறியது. 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த வேலைக்கு மெஷின் வரலாம், எந்த அளவுக்கு வரலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். ஆட்குறைப்பு கூடாது என்ற உறுதியும், கணினியை இயக்கும் ஊழியருக்குத் தனிப்படியும் கிடைத்தன. ரங்கராஜன் குழு 1984-ல் தன் பரிந்துரைகளைத் தந்தது. 1987-லும் 1993-லும் அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் எல்லை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

இதில் நஷ்டமும் உண்டு. பேசிப் பேசி நகர்ந்ததால் வேகம் குறைந்தது. 1994-க்குப் பிறகு வந்த புதிய தனியார் வங்கிகள் முதல் நாளிலிருந்தே கணினியோடு தொடங்கி, வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டன. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அதனால் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும், 2000-களில் கோர் பேங்கிங் வந்து, எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்று ஆனபோது, பேரேட்டில் கையால் எழுதிப் பழகியவர்களே அதை நடத்திக் காட்டினார்கள். அவர்களுக்குக் கணினி ஒரே நாளில் தலையில் விழுந்த பாரம் இல்லை. இருபது வருடமாகத் தங்கள் சங்கமும் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த ஒன்று.

அடுத்து வருவது கூட்டுறவு சங்கத்தின் மென்பொருள்

ரேஷன் கடை ஊழியர்களின் கதை இங்கே முடியவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளைக் கூட்டுறவு சங்கங்கள்தான் நடத்துகின்றன. கிராமங்களில் அது பெரும்பாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம். பயிர்க்கடன், நகைக்கடன், உரம், ரேஷன் எல்லாம் ஒரே சங்கத்தில்.

இந்தச் சங்கங்களை ஒரே மென்பொருளில் இணைக்கும் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுவதும் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் செலவு, நடத்துவது நபார்டு வங்கி. வரவு செலவு, கடன், இருப்பு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் முறை. பெரிய கம்பெனிகளில் 'இ.ஆர்.பி.' என்று சொல்வார்களே, அதேதான்.

விவசாயிக்கு இது நல்லது. கடன் கணக்கு எப்போதும் தெளிவாக இருக்கும், ஒரே நகையை வைத்து இரண்டு கணக்கு காட்ட முடியாது. ஆனால் இங்கேயும் அதே மூன்றாவது கேள்வி வரும். வருஷக்கணக்காகக் கையால் எழுதிய பேரேட்டை மெஷினில் ஏற்றும்போது பழைய கணக்குகள் சில ஒத்துப்போகாது. எப்போதோ இருந்த செயலாளர் எழுதிய கணக்கில் இருக்கும் வித்தியாசத்துக்கு, இன்று டைப் செய்பவர் பொறுப்பா? இதற்கு முதலிலேயே எழுத்தில் பதில் சொல்லாவிட்டால், யாரும் மனதார டைப் செய்ய மாட்டார்கள். வித்தியாசத்தை மறைத்து ஏற்றிவிடுவதும் நடக்கலாம். அப்புறம் மென்பொருள் புதுசாக இருக்கும், உள்ளே கணக்கு பழைய குழப்பத்தோடே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலைத்தளத்தில் மாற்றம் கொண்டுவரும் முன் தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டில் புதிய யோசனை இல்லை. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசு உறுதிசெய்ய முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 43ஏ பிரிவு சொல்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு அது.

1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவர 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த 21 நாள் முன்னறிவிப்பு தொடர்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புதிய தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, வேலை போகக்கூடும் என்றால்தான் இந்த முன்னறிவிப்பு. வேலை போகாது, ஆனால் வேலைப்பளு கூடும், பிழைக்கு அபராதம் கட்ட வேண்டி வரும் என்றால், தொழில்நுட்பம் பற்றிய இந்த ஏற்பாடு அதைத் தொடுவதில்லை. ரேஷன் தராசு போன்ற விஷயங்கள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

அப்போ என்னதான் செய்யலாம்?

ரேஷன் கடையோ, அரிசி ஆலையோ, ஜவுளிக்கடையோ, தனியார் மருத்துவமனையோ, புதிய டிஜிட்டல் முறையைக் கொண்டுவரும் யாருக்கும் இது பொருந்தும்.

1. வாங்கும் முன்னால் கேளுங்கள். டெண்டர் முடிந்த பிறகு நடத்தும் பயிற்சி வகுப்பு கலந்தாலோசனை ஆகாது. கவுன்ட்டரில் நிற்பவர்களோடு முதலிலேயே உட்காருங்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கூட்டம் அதிகமான நாளிலும் சிக்னல் மோசமான ஊரிலும் ஓட்டிப் பார்ப்பது முக்கியம்.

2. மேலிருந்து கீழே வரை ஒரே தராசு. கடையில் கிராம் கணக்கில் எடை பார்த்தால், கிடங்கிலும் அதே கறாருடன் எடை போட்டு ரசீது கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கும் அதே விதி என்று தெரிந்தால் ஊழியரின் சந்தேகம் பாதி குறைந்துவிடும்.

3. மெஷின் நின்றால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுங்கள். சர்வர் இல்லை, ரேகை விழவில்லை, தராசு இணையவில்லை என்றால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்கலாம், அதற்காக யார் மீதும் நடவடிக்கை இல்லை என்ற உறுதி வேண்டும். நாற்று நட்டு, களை எடுத்துத் தேய்ந்த விரல்கள் உள்ள ஊரில் இது தினமும் தேவைப்படும்.

4. பிழைப் புகாருக்கு எண் கொடுங்கள், பதிலும் கொடுங்கள். "மெஷின் தப்பாகக் காட்டுது" என்று ஒருவர் சொன்னால் அது பதிவாக வேண்டும். அதே புகார் வேறு எத்தனை கடைகளில் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். விசாரித்து முடிக்கும் வரை அபராதம் வசூலிக்கக் கூடாது. பிரிட்டன் கற்றுக்கொண்ட பாடம் இது.

5. நேரத்துக்குக் கணக்கு வையுங்கள். புதிய முறையைப் பழகும் நேரமும் வேலை நேரம்தான். அட்டைக்கு 2 நிமிடம் கூடினால் அதற்கு ஆள் வேண்டும், காலியாக இருக்கும் கட்டுநர் இடத்தை நிரப்ப வேண்டும்.

ஊழியர்கள் பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "மெஷினே வேண்டாம்" என்று நின்றால் மக்கள் ஆதரவு கிடைக்காது, எடைக் குறைவில் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தானே. "எங்க தராசை இணைங்க, கிடங்குத் தராசையும் சேர்த்து இணைங்க" என்று கேட்டால், வரிசையில் நிற்கும் கார்டுதாரரும் கூடவே நிற்பார்.

கார்டுதாரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பொருள் வாங்கியதும் வரும் எஸ்.எம்.எஸ்.-ஐ அங்கேயே பாருங்கள். அதில் உள்ள அளவும் பையில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் பதிவான செல்போன் எண் மாறியிருந்தால் உடனே புதுப்பித்துவிடுங்கள்.

வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வந்தாலோ, எடை குறைந்தாலோ, ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினாலோ 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். வட்ட வழங்கல் அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

மெஷின் நின்றுபோய் வரிசை நீளும்போது, விற்பனையாளரோடு சண்டை போட்டு எதுவும் ஆகப்போவதில்லை. அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக்கொண்டு அதே எண்ணுக்குச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னால் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடும் விஷயம், வரிசையில் நின்ற பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் பதிவாகும்.